மாப்பிள்ளைக்குப் பின்னிய கம்பளிச் சட்டை

லாபிஸ்,
13 மார்ச்சு 1934

பொந்தியானில் இருக்கும் அன்பு மச்சான் சபாபதி அவர்களுக்கு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அர்ச்சுனன் வணக்கத்துடன் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை பேச்சியம்மாளும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

மச்சான், நம் செல்வராணிக்கு இடம் அமைந்துவிட்டது! மாப்பிள்ளை ராஜசேகரன், ஜொகூர் பாருவில் ரயில்வே குமாஸ்தா. அவருடைய அம்மா ஜாதகம் கேட்பதற்கு முன்பே, பெண்ணுக்கு 'உல்' பின்னத் தெரியுமா என்று எழுதிக் கேட்டார்கள். ஆட்டு மயிர்தான், வெள்ளைக்காரன் அதை 'உல்' என்றதும் நம்மவர்களுக்கும் நாகரிகமாகிவிட்டது. நானும் முன்பின் யோசிக்காமல், பிரமாதமாகப் பின்னுவாள், மாப்பிள்ளைக்கே கையில்லாத சட்டை ஒன்று தயாராகிறது என்று பதில் போட்டுவிட்டேன். மகளோ, "எனக்குத் தெரியாதுப்பா. நீங்கதான சொன்னீங்க, நீங்களே பின்னுங்க" என்றாள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணியிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, ஊசியும் நீலக் கம்பளி நூலும் வாங்கி, பாடமும் கேட்டு, ஒரு மாதம் சாயங்காலம் தோறும் கதவைச் சாத்திக்கொண்டு பின்னினேன். ஒரு கண்ணி தவறவில்லை. என் கைக்கு இத்தனை நேர்த்தி உண்டென்று ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். உச்சி வெயில், தகரக் கூரை. மாப்பிள்ளை மரியாதைக்காகச் சட்டையை அங்கேயே மாட்டிக்கொண்டு, வியர்வை வழிய, கழுத்தைச் சொறிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அந்தம்மா அதோடு விட்டார்களா? ஊசியை எடுத்து நீட்டி, ஒரு வரி பின்னிக் காட்டச் சொன்னார்கள். செல்வராணி நிமிர்ந்து, "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். நான் பதறிப்போய் ஊசியைப் பிடுங்கி, பின்னியது நான்தான் என்று உளறி, ஆதாரத்துக்கு ஒரு வரியும் பின்னிக் காட்டிவிட்டேன். மாப்பிள்ளை உடனே, "இந்த வெயில்ல நமக்குக் கம்பளி எதுக்கும்மா? எனக்கு இவங்களப் பிடிச்சிருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுகிறோம். தாய்மாமன் நீங்கள் முன்னால் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அர்ச்சுனன்

பி.கு: மாமா, தபாலில் போடச் சொல்லி அப்பா கொடுத்ததைப் படித்துவிட்டுச் செல்வராணி எழுதுகிறேன். துரைசாணி வீட்டு ஆயா எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே பின்னக் கற்றுக்கொடுத்துவிட்டாள். தினமும் காலையில் அப்பா வேலைக்குப் போனதும், அவர் பின்னியதைப் பிரித்து நான்தான் திரும்பப் பின்னிவைத்தேன். சட்டைக்காக வருகிறவர் எனக்கு வேண்டாம், அதனால்தான் தெரியாது என்றேன். அவர் சொன்ன பதில் எனக்குப் போதும். அப்பாவிடம் மூச்சு விடாதீர்கள், பாவம், ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார். அடுத்த சட்டை உங்களுக்காம். அளவை எனக்கு எழுதுங்கள்.