அம்மை குத்தினவரை நம்பாத மைனா

தென்காசி,
தாது வருஷம், ஆடி மாதம்.

மகா ராஜ ராஜ ஸ்ரீ 'இல்லற மித்திரன்' பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, தென்காசி சுடலையாண்டி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் சாரல் நன்றாக விழுகிறது, குற்றாலத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை, நானும் என் சம்சாரமும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அச்சாபீஸ் சிப்பந்திகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கிற வரைக்குமாவது இருக்க வேண்டும்.

தங்கள் பத்திரிகையில் 'பட்சிப் பிரியர்' என்று ஒருவர், கூச்சமுள்ள பட்சியின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று வாராவாரம் எழுதிவருகிறார். அவர் பட்சியை நேரில் பார்த்திருக்கிறாரா, காலண்டர் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாரா என்று விசாரித்துத் தெரிவிக்கவும். அவர் பேச்சைக் கேட்டு நான் பட்ட பாட்டை அவரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஜில்லா போர்டில் அம்மை குத்துகிற உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். வடகரை, அச்சன்புதூர், புளியங்குடிப் பக்கமெல்லாம் நான் குத்தாத கை கிடையாது. என் தகரப்பெட்டி தெருமுனையில் தெரிந்தால் பிள்ளைகள் வைக்கோற்படப்புக்குள் போய்விடும். சில ஊர்களில் தகப்பன்மாரும் கூடப் போவார்கள். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைக்கு என் பெயரைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவது. அம்மை வந்து போய்ச்சேராமல் இன்றைக்கு நடமாடுகிற அத்தனை பேரும் என்னைக் கண்டால் ஓடுகிறார்கள் ஐயா! சரி, உத்தியோகத்தின் ராசி அப்படி என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன சித்திரையில் அச்சன்புதூரில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் தங்கத்தாய் பிள்ளையோடு வந்தாள். பேத்தி பேச்சிக்கு மூன்று வயது. என்னைக் கண்டதும் அவள் அலறின அலறலில் பக்கத்து வீட்டு ஒலி முகம்மது சாயபு ஜவுளி மூட்டையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். விசாரித்தால், "சேட்டை பண்ணினா தாத்தாட்ட பிடிச்சுக் குடுத்துருவேன், ஊசி குத்திருவாக" என்று சொல்லிச் சொல்லியே என் மகள் அதை வளர்த்திருக்கிறாள். நான் பெற்ற மகள்! அவர்கள் இருந்த மட்டும் நான் புறவாசல் வழியாகப் போய்ப் புறவாசல் வழியாக வந்தேன். என் வீட்டிலேயே நான் திருட்டுப்பூனை மாதிரி நடந்தது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சாரலுக்கு மறுபடி வருவதாக மகள் சொல்லியிருந்தாள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. நம் தோளில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அதைப் பார்க்கப் பேத்தி கிட்டே வரும், வந்த இடத்தில் நானும் இருப்பேன் அல்லவா? குற்றாலத்தில் ஒருவனிடம் ஒரு மலை மைனா வாங்கினேன். கறுப்பு என்றால் அப்படிக் கறுப்பு, கன்னத்தில் மஞ்சள் மடல் கிழவிகள் காதுப் பாம்படம் மாதிரி தொங்குகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டைக் கீழே வைத்து, "வா ராசாத்தி" என்றேன். ராசாத்தி கூண்டின் அந்தக் கோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இதற்கும் யாரோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். இந்த நேரத்தில்தான் தங்கள் பத்திரிகை என் கையில் அகப்பட்டது, அல்லது நான் அதன் கையில் அகப்பட்டேன்.

கூண்டுக்குப் பக்கத்தில் பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முதல் வாரம் எழுதியிருந்தார். உட்கார்ந்தேன். வாய் ஓயாத மனுஷன் மௌனமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் பெண்டாட்டி சும்மா இருப்பாளா? என் சம்சாரம் மாடத்தி, அம்மன்தான் என்னைப் பிடித்துவிட்டாள், அவள் போட வந்த அம்மை முத்தையெல்லாம் முப்பது வருஷம் தடுத்தவனை வேறு யார் பிடிப்பார்கள் என்று முடிவுகட்டி, கோடாங்கியைக் கூட்டி வந்துவிட்டாள். அவன் என் காதோரம் உடுக்கை அடித்த அடியில் எனக்கு வராத சாமி மைனாவுக்கு வந்துவிட்டது. கூண்டுக்குள் அது ஆடின ஆட்டத்தைப் பார்த்து அவன் அதற்கும் ஒரு சிட்டிகை துண்ணூறு போட்டான்.

பட்சியை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கக் கூடாது, ஓரக்கண்ணால் ஒதுக்குப் பார்வையாகப் பார்க்க வேண்டும் என்று அடுத்த வாரம். அதையும் பழகினேன். பழகின கண் சொன்ன இடத்தில் நிற்குமா? சந்தையில் எலுமிச்சம்பழம் விற்கிற அம்மாளிடம் பழம் என்ன விலை என்று ஒதுக்குப் பார்வையாகவே கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணாச்சி, இத்தனை வருஷம் ஊசிய வச்சிக்கிட்டுக் குத்துனீரு, இப்போ கண்ணாலயா?" என்று அவள் கேட்ட கேள்விக்குச் சந்தையே சிரித்தது. அன்றைக்கு ராத்திரி எனக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

தினமும் ஒரே உடுப்பில் போனால் பட்சி அடையாளம் கண்டுகொள்ளும் என்றாரே, அவருக்குத் தென்காசிச் சாரல் தெரியுமா? இங்கே ஆடியில் துவைத்த வேட்டி ஆவணியில்தான் காயும். எப்போதும் கைவசம் இருப்பது என் பழைய உத்தியோகக் காக்கிக் கோட்டு ஒன்றுதான், அதைப் போட்டுக்கொண்டேன். அதில் இன்னும் ஸ்பிரிட் வாசனை போகவில்லை. மைனா ஒரு தரம் மோந்துவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மெல்லிய குரலில் ஏதாவது பாடுங்கள் என்று அதற்கு அடுத்த வாரம் எழுதினார். எனக்கு என்ன பாட்டுத் தெரியும்? முப்பது வருஷமாக வாயில் பழகினது ஒன்றுதான்: "கையை நீட்டு, கண்ணை மூடு, வலிக்காது." அதையே ராகம் போட்டுப் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். ஆனால் காக்கிக் கோட்டும் அந்தப் பாட்டும் சேர்ந்து தெருவில் கேட்டதும், போர்டார் மறுபடி என்னை உத்தியோகத்தில் வைத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, தெருப்பிள்ளைகள் ஒன்று பாக்கியில்லாமல் மாமன் வீடுகளுக்குப் போய்விட்டன. சாயபு வந்து, "அண்ணாச்சி, பள்ளிக்கூட வாத்தியாரு உங்களத் தேடுதாரு, வகுப்புல பாடம் கேக்க ஒரு பிள்ளகூட இல்லையாம்" என்றார்.

கடைசியாக, பட்சி பிறந்த மண்ணின் சத்தத்தைக் கேட்டால் மனசு இளகும், அங்கே வைத்துக் கையால் பழம் கொடுக்கவும் என்று எழுதினார் பாருங்கள், அதுதான் ஐயா அநியாயம். கூண்டைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் போனேன். அருவிச் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வாழைப்பழத்தை உரித்து, கண்ணை ஒதுக்கி, கையை நீட்டி, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். தோளில் பொத்தென்று ஒரு கனம். மைனாவுக்கு இவ்வளவு கனமா என்று ஆச்சரியப்படுவதற்குள் பழம் போய்விட்டது. குரங்கு! பழத்தைத் தின்றுவிட்டு என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, என் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த கூட்டம் பூராவும் அருவியை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றது. பட்சிப் பிரியர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பலித்துவிட்டது ஐயா, பட்சிக்குப் பதில் குரங்கிடம். அப்போதும் அந்த மைனா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போதும். இன்று காலையிலிருந்து நான் எதையும் கடைப்பிடிக்கவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டாயிற்று. கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெற்று மேலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் எனக்கு நானே முணுமுணுத்தபடி இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது காட்டுக்குப் போகிறதென்றால் போகட்டும். என்னிடம் தானாக வருகிற உயிர் இந்தப் பூமியில் இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. இதை முடித்த கையோடு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று மகளுக்கும் எழுதிவிடப் போகிறேன். குழந்தையை ஏன் மறுபடி அழவைக்க வேண்டும்?

ஆகவே பட்சிப் பிரியரை உடனே நீக்கி, அவருடைய மன்னிப்பை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டு, என் சந்தாவையும் நிறுத்திவிடவும். அவரைத் தவிர்த்து அச்சாபீஸில் உள்ள பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசீர்வாதமும். அம்மை குத்திக்கொள்ளாதவர்கள் இருந்தால் குத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சுடலையாண்டி

பின்குறிப்பு: ஐயா, இத எழுதுதது அவுக சம்சாரம் மாடத்தி. எனக்கு எழுத்து அம்புட்டு வராது, பொறுத்துக்கிடணும். அவுகளால இப்போ கைய அசைக்க முடியல்ல. கையெழுத்துப் போட்டு முடிக்கயில அந்த மைனா தானா வெளிய வந்து, மெள்ள நடந்து, அவுக வலது கையில ஏறி உக்காந்துட்டு. மூச்சு விடாம இருக்காக. பட்சிப் பிரியர மன்னிப்புக் கேக்கச் சொன்ன இடத்த அடிச்சிரச் சொல்லிக் கண்ணால சாடை காட்டுதாக, ஒதுக்குப் பார்வைதான். நான் அடிக்கல்ல, இம்புட்டுத் தூரம் எழுதினது வீணாப் போகும்லா. மக காயிதத்துக்குக் காத்திருக்கல்ல, இந்தா வண்டிய விட்டு எறங்கி வந்துட்டா. பேச்சி வாசல்ல நின்னு வாயில விரல வச்சிக்கிட்டுப் பாத்தா. பெறகு ஒவ்வொரு அடியா வந்து இவுக முட்டங்கால் பக்கத்துல நின்னுட்டா. மைனாவோட நகம் இவுக கையில நல்லாப் பதிஞ்சிருக்கு, ரத்தம் எட்டிப் பாக்குது. பிள்ள அதப் பாத்துட்டு, "தாத்தா, வலிக்குதா?"ன்னு கேக்கா.

"வலிக்காது"ங்காக. கண்ணுல தண்ணி நிக்கல்ல, கொட்டுது.