மீற்றருக்குள்ளிருந்து கொட்டிய திருநீறு

பெண் வீட்டார் நம்மைக் கொஞ்சம் கூடுதலாக மதித்துவிட்டால், அதைத் திருத்த எந்த மாப்பிள்ளைக்கும் அவசரம் வராது. எனக்கும் வரவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மின்சாரப் பகுதியில் கிளாக்காக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். மின்சாரம் எனக்கு ஒரு கோப்பின் தலைப்பு, அவ்வளவுதான். கலியாணத் தரகரோ கொக்குவிலில் பெண் வீட்டுக்குப் போய், "பொடியன் மின்சாரத்திலை" என்று மட்டும் சொல்லிவிட்டு (கெட்டிக்காரன்!) மிச்சத்தை அவர்களின் கற்பனைக்கு விட்டிருந்தார். பொருத்தம் பார்த்தாயிற்று. நாள்தான் வைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, மாமாவாகப் போகிறவர் தன் பழைய ஒஸ்ரின் காரைக் காட்டினார்.

"தம்பி, பொழுதுபட்டால் உந்த ஸ்பீடோமீற்றர் கண்ணுக்குத் தெரியுதில்லை. உள் லைற் மங்கிப் போச்சு. நீங்கள் மின்சாரம்தானே, ஒருக்கால் பாருங்கோவன்."

"அதுக்கென்ன மாமா, பத்து நிமிச வேலை."

(ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கதவுக்குப் பின்னால் பெண், அதாவது பவானி, நின்றுகொண்டிருந்தாள்.)

மெக்கானிக் சிநேகிதன் ஒருவன் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. மீற்றர்ப் பெட்டியின் உட்பக்க வெள்ளை பழுப்பேறினால் வெளிச்சம் மங்கும். திரும்ப வெள்ளை அடித்தால் பளிச்சிடும். யோசனை சரிதான். ஆனால் பெயின்ற்றுக்கு எங்கே போவது? இறக்குமதிக்குத் தடை போட்டிருந்த காலம். கழற்றிய கண்ணாடியோடு நான் திருதிருவென்று விழித்தபோது, சாமியறைத் தட்டில் திருநீறு கண்ணில் பட்டது. குழைத்தால் வெள்ளை, காய்ந்தால் இன்னும் வெள்ளை. அதற்கு எங்கள் ஊர் நெற்றிகளே சாட்சி. தடிப்பாகப் பூசினேன். பூட்டி முடித்தபோது மூன்று திருகாணிகள் மிஞ்சின. சத்தம் போடாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

லைற்றைப் போட்டதும் மீற்றர் கலியாண வீடு மாதிரி ஜொலித்தது. மாமா பூரித்துப்போய், எல்லோரையும் பிள்ளையார் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நான் முன்னால், மாமியும் பவானியும் பின்னால்.

ரோட்டில் குழிகளுக்குக் குறைவில்லை. நாலாவது குழியில் மாமி அலறினார்.

"ஐயோ பிள்ளையாரப்பா! காரை நிப்பாட்டுங்கோ! மீற்றருக்குள்ளாலை திருநீறு கொட்டுது!"

மாமாவின் வேட்டியெல்லாம் திருநீறு. மாமி அதை அள்ளித் தானும் பூசி, எங்களுக்கும் பூசி, சைக்கிளில் போனவர்களையும் மறித்துப் பூசினார். சற்று நேரத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கார் மூடியின் மேல் கற்பூரம் வைத்து, நெருப்புப் பெட்டியையும் எடுத்துவிட்டார். கீழே எஞ்சின், பெற்றோல்! வாயைத் திறந்தால் கலியாணம் போய்விடும். திறக்காவிட்டால் காரே போய்விடும்.

பவானி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இவரின்ரை நகத்துக்குள்ளையும் அற்புதம் நடந்திருக்கு."

மாமா என் பக்கம் திரும்பினார். "தம்பி, உள்ளுக்கை என்ன செய்தனீங்கள்?"

"மாமா, நான் எஞ்சினியர் இல்லை. கிளாக்!"

"அது நீங்கள் ஸ்குறூ டிறைவரைப் பிடிச்ச பிடியிலையே விளங்கிற்றுது. நான் கேட்டது திருநீற்றை."

சொன்னேன். கற்பூரம் வைத்தவர் அதைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ் ஏறி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மாமா வேட்டியை உதறினார்.

"சரி, ஏறுங்கோ. கோயிலிலை ஐயரிட்டைக் கலியாணத்துக்கு நாளையும் கேப்பம். கிளாக் எண்டால் பரவாயில்லை, இனி வயரிலை கை வைக்காமல் இருந்தால் சரி."

மாமி மட்டும் கடைசிவரை அதை அற்புதம் இல்லை என்று ஒப்புக்கொள்ளவில்லை. குடும்பம் கூடுகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்பார்: "தம்பிதான் பூசினவர் எண்டு வைப்பம். பூச வேணும் எண்ட புத்தியை அவருக்கு ஆர் குடுத்தது?"

எல்லோரும் பக்தியோடு தலையாட்டுவார்கள். குசினிக்குள் அடுப்படியிலிருந்து பவானியின் குரல் மட்டும் வரும்.

"புத்தியோ?"