இழுத்துப்பார் சார் பூட்டாமல் விட்ட கோப்பு

ஆம்பூரிலிருந்து ஆற்காடு வரை தொங்குகிற அத்தனை பூட்டுகளையும் ஒருமுறையாவது இழுத்துப் பார்த்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். அவர் நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் 'இழுத்துப்பார் சார்'.

சாப்பாட்டு டப்பாவுக்கே பூட்டுப் போட்டிருந்தார். பூட்டிவிட்டு மூன்று முறை இழுப்பார். அடுத்தவர் பைக் பூட்டையும் விடமாட்டார். ஒருநாள் கம்பெனி பஸ் மாதனூரில் நின்றபோது அவசர வழிக் கதவை இழுத்துப் பார்க்க, அது கையோடு திறந்துகொண்டது. டிரைவர் திட்டத் திட்ட, "சொன்னேன்ல?" என்று உட்கார்ந்தார். அவரைக் கேலி செய்தே எனக்கு நான்கு வருஷம் ஓடியது.

பிறகு ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சோதனையில் தேறாத தோல் லோடு ஒன்று, தேறியதாகச் சான்றிதழோடு துறைமுகம் போயிருந்தது. அதில் என் டிஜிட்டல் கையெழுத்து.

"இன்னாம்மா இது? உன் கையெழுத்த வேற யார் போடுவாங்க?"

"சத்தியமா நான் போடல சார்."

"நாளையிலேர்ந்து வராதம்மா."

எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். அழுதுகொண்டே வெளியே வந்தேன். இழுத்துப்பார் சார் மட்டும், "கொஞ்சம் இருங்க மேடம், போய்டாதீங்க" என்றார்.

மேனேஜர் உட்பட, சான்றிதழில் கையெழுத்திடும் நாங்கள் நாலு பேரும் ஒரே கம்ப்யூட்டரில், அவரவர் பெயரில் நுழைந்து கையெழுத்திடுவோம். அதற்கான ரகசியச் சாவி, ஆளுக்கொரு கோப்பாக அதிலேயே இருக்கும். உரியவரைத் தவிர யாராலும் அதைத் திறக்க முடியாது என்று நம்பியிருந்தோம். இழுத்துப்பார் சார் தன் பெயரில் நுழைந்து அரைமணி நேரம் உட்கார்ந்தார். பிறகு ஒரு கடிதத்தோடு மேனேஜர் முன் நின்றார். ஆபீசுக்கே பத்து நாள் லீவு கொடுத்து, மேனேஜரின் டிஜிட்டல் கையெழுத்தோடு ஒரு கடிதம்!

"இத நான் எப்பய்யா போட்டேன்?"

"நீங்க டீ குடிச்சிட்டு இருந்தப்ப சார். அந்த மிஷின்ல யார் உக்காந்தாலும் எல்லார் சாவியையும் எடுக்கலாம். சாஃப்ட்வேர் அந்த ஃபைல யார் வேணா படிக்கிற மாதிரி திறந்து வெச்சிருக்கு."

"இந்தப் பாழாப்போன சாஃப்ட்வேர போட்டது யாரு?"

அங்கே யாருக்கும் அது தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நான்தான் சார். இத சரி பண்ண புது அப்டேட் வந்திருக்குன்னு மெயிலும் வந்துது. ஷிப்மென்ட் அவசரத்துல மிஷின நிறுத்த வேணாம்னு தள்ளிப் போட்டேன். மேடம் மேல தப்பே இல்ல."

அதே கம்ப்யூட்டரில் வேலை செய்த இன்னொருவர், லோடு நிற்கக்கூடாதென்று தான்தான் அப்படிச் செய்ததாக மாலைக்குள் ஒத்துக்கொண்டார். என் வேலை பிழைத்தது. இழுத்துப்பார் சாரை அன்றே போகச் சொல்லிவிட்டார்கள்.

பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். என்னால உங்களுக்கு ரொம்ப பேஜாராய்டுச்சு."

மன்னிப்புக் கேட்க வேண்டியவளும் நான், நன்றி சொல்ல வேண்டியவளும் நான். தலையை மட்டும் ஆட்டினேன். போன் நம்பர் வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

சார், இதைப் படிக்க நேர்ந்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு போன் பண்ணுங்கள். உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது.