இறக்காமத்தில் பெய்யாத நாலு மில்லிமீற்றர்

கொழும்பு
14.08.1981

கண்ணியத்துக்குரிய அப்துல் ஸமட் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். தாங்களும் ஹாஜறா மாமியும் வயலும் நலமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். வயலுக்குள் யானை வந்ததா?

இது மன்னிப்புக் கடிதம். கோபம் கலந்துவிட்டதால் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நாலாவதிலும் கலக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழை என்னில்தான் தொடங்கியது. எங்கள் வானிலை அலுவலகத்துக்கு ஜப்பான்காரர் வானத்துச் செய்மதி எடுக்கும் முகில் படம் தருகிறார்கள், பதிலுக்கு நாங்கள் தரையில் பெய்த மழையின் அளவைக் கொடுக்கிறோம், அயல் வீட்டோடு கறிச்சட்டி மாற்றிக்கொள்வதுபோல என்று உங்களுக்கு விளக்கினேன். மழைமானியை உங்கள் வீட்டு வளவில் நட்டேன். நீங்களும் தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதினீர்கள். ஆனால் ஜூலை முழுக்க ஒரு முகில்கூட இல்லாத படத்துக்குக் கீழே, உங்கள் இறக்காமத்தில் மட்டும் நாள் தவறாமல் நாலு மில்லிமீற்றர்! எங்கள் அலுவலகப் பெரியவர் செல்லத்தம்பி எல்லோருக்கும் முன்னால், "ஹஸன், உம்மட மாமாவுக்குத் தனி வானமோ?" என்று கேட்டார். அந்தச் சூட்டோடு பஸ் ஏறி வந்து, தேநீர்க் கடையில் பத்துப் பேர் பார்க்க உங்களைக் கேட்டேன். நீங்கள் மறைக்கவுமில்லை.

"ஓம் மருமகன், கால் செரட்டத் தண்ணி நான்தான் ஊத்தினன். அவனுகள் அம்புட்டுத் தூரத்திலிருந்து படம் அனுப்புறானுகள். நாம வெறுஞ்சட்டியத் திருப்பிக் குடுக்கிறதா? நம்மட ஊர் மானம் என்னத்துக்காகிற?"

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இந்த வேலை சரிவராது" என்று சொல்லி, மழைமானியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பூச்சியமும் ஓர் அளவுதான், மாமா! அதை முதலில் விளக்காத நான்தான் மடையன். இருந்தாலும் தண்ணீர் ஊற்றியது மகா பிழை.

இப்போது ஹாஜறா மாமி எழுதுகிறார், நீங்கள் காதில் பென்சிலோடு எட்டரைக்கு மழைமானி இருந்த வெறுங்குழியடியில் போய் நிற்கிறீர்களாம். போன செவ்வாய் இறக்காமத்தின் மேல் கட்டைவிரல் அளவு முகில் ஒன்று படத்தில் விழுந்தது. வந்திருந்த ஜப்பான் நிபுணர், "கீழே எவ்வளவு பெய்தது?" என்று கேட்டார். செய்மதிக்கு முகிலின் முதுகுதான் தெரியும். அடியில் விழுந்த தண்ணீர் தெரியாது. "அங்கே ஆளில்லையா?" என்றார். இருந்தார், நான்தான் விரட்டினேன்.

மழைமானியைக் கல்முனை பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். பஸ் நிலையத்தில் கடை வைத்திருக்கும் இப்றாஹிம் காக்காவிடம் இருக்கும். தயவுசெய்து எடுங்கள். எடுக்காவிட்டால், நானே வந்து அதே கடையில் அதே பத்துப் பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்பேன். ஒன்று மட்டும்: மழை இல்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள். ஒரு சொட்டும் கூடக் கூடாது.

உங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
ஹஸன்

பி.கு.: அந்த நிபுணர் எனக்கு ஒரு டின் நிறைய பிஸ்கட் தந்தார். தின்று முடித்துவிட்டேன். டின் அவருடைய மனைவியுடையதாம். அடுத்த வெள்ளி ஜப்பானுக்குப் போகுமுன் திருப்பிக் கேட்கிறார். வெறும் டின்னை எந்த முகத்தோடு கொடுப்பது? மாமியிடம் சொல்லி டின் நிறையத் தொதல் இனிப்புக் கிண்டி உடனே அனுப்புங்கள். அளவு கூடினால் பரவாயில்லை.