இரண்டாவது ரீலில் சுபம்

பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவதில் இருக்கும் சுகம், பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவதில் கிடையாது. பார்த்துவிட்டால் அதில் வந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும். பார்க்காவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அறுபதுகளில், இருபத்தோரு வயதில், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு வேலையில்லாமல் செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்த நான், இந்தச் சுகத்தை ஒரு மாதம் முழுக்க அனுபவித்தேன். பிறகு அதற்கு வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் டெண்ட் கொட்டாயில் அப்போது ஒரு பேய்ப்படம் ஓடியது. பத்து வருஷத்துக்கு முன் வந்த பழைய பேய்ப்படத்தையே புது நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்திருந்தார்கள். (இரண்டின் பெயரும் வேண்டாம். எடுத்தவர்களின் பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.) புதுசை ஊரே பார்த்துவிட்டது. பழையதை யாரும் பார்க்கவில்லை, நான் ஒருவனைத் தவிர. அதாவது, நான் ஒருவன்தான் பார்த்ததாகச் சொன்னேன். பாண்டிச்சேரியில் மாமா வீட்டுக்குப் போனபோது பார்த்தேன் என்று அடித்துவிட்டேன்.

உண்மையில் என்னிடம் இருந்தது அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம். அதில் கதைச்சுருக்கம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. அக்கா, தங்கை, சொத்துக்கு ஆசைப்படும் சித்தப்பா. தங்கை குளத்தில் விழுகிறாள். அதன்பின் பங்களாவில் வெள்ளைப்புடவை உருவம் ஒன்று உலவுகிறது. அது யார்? அந்த இடத்தில், எல்லாப் பாட்டுப் புத்தகங்களையும் போலவே, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டு நிறுத்தியிருந்தார்கள். மீதியை நானே பார்த்துக்கொண்டேன்.

என் முக்கிய எதிரி அப்பாண்டைராஜ். மேல்சித்தாமூர் ஜைன வீட்டுப் பையன். அவன் அப்பாவுக்குச் செஞ்சியில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வியாபாரம். புதுப்படத்தை மூன்று தடவை பார்த்தவன்.

"புதுசுல கடைசில அது பேயே இல்லடா மணி. தங்கச்சி உயிரோட இருக்குறா. சித்தப்பன் மெரட்டி வேஷம் போட வைக்கிறான். எவ்ளோ புத்தியா எடுத்திருக்கான்" என்பான்.

"அதான்டா கெடுத்துட்டாங்க. பழசுல அது நெஜமான பேய். சித்தப்பன குளத்துக்குள்ள இழுத்துக்குனு போவும். அதோட முகத்தையே காட்டாம எடுத்திருக்கான். கொலுசுச் சத்தம் மட்டும்தான்" என்பேன் நான், அந்தக் கொலுசைக் காதால் கேட்டவன் போல.

"பேய்ப்படத்துல பேய் இல்லன்னா பால் இல்லாத டீதான்" என்று சவரிமுத்து எனக்குப் பின்பாட்டுப் பாடுவான். சவரி நான் சொல்வதையெல்லாம் வேதவாக்காக நம்பியவன். இப்படி ஒரு நண்பன் வாய்த்தால் எவனுக்கும் வாய் நீளும்.

இந்தச் சண்டையைத் தினமும் பக்கத்துப் பெஞ்சில் இருந்து கேட்டவர் கொட்டாய் முதலாளி. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, பழைய படத்தையும் வரவழைக்கிறேன். புதுசப் பாத்த ஜனம் மொத்தமும் பழசுக்கும் வரும். இங்க பக்கத்துல சேத்துப்பட்டுல இன்னொரு கொட்டாய் போடறேன். அதுக்கு மேனேஜர் வேணும். சினிமா தெரிஞ்ச பையனா பாத்துக்குனு இருக்கேன். இந்தப் படம் நல்லபடியா ஓடட்டும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர்! சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என் நைனா அன்றிரவு முதல்முறையாக என்னை "சாப்ட்டியா" என்று கேட்டார்.

படப்பெட்டி ஐந்து மணி விழுப்புரம் பஸ்ஸில் வந்தது. மேனேஜர் ஆகப்போகிறவன் என்ற மிதப்பில் நானே பஸ் மேலே ஏறிப் பெட்டியை இறக்கினேன். இறக்கினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கைநழுவிப் போட்டேன். பெட்டி வாயைப் பிளந்தது. பதினான்கு தகர டப்பாக்களும் மூடி கழன்று உருள, ரீல்கள் பஸ் ஸ்டாண்டு முழுக்க ஓடின. நல்லவர்கள் நாலைந்து பேர் துரத்திப் பிடித்துக் கையில் கிடைத்த டப்பாவில் கிடைத்த ரீலை வைத்து மூடிக் கொடுத்தார்கள்.

டப்பாவில் நம்பர் இருந்தது. ரீலில் இல்லை. எத்தனையோ ஊர்க் கொட்டாய்களில் அறுந்து அறுந்து ஒட்டிய பழைய பிரிண்ட் அது; நம்பர் போட்ட நுனியெல்லாம் என்றோ போய்விட்டது. பெயர்கள் ஓடும் முதல் ரீலை மட்டும் ஆபரேட்டர் கண்டுபிடித்துவிட்டார். மற்ற பதின்மூன்றையும் என் முன்னால் அடுக்கினார்.

"நீதான் பாத்தவன். வரிசை போடு தம்பி. ஆறே முக்காலுக்கு ஷோ."

அப்பாண்டை பக்கத்திலேயே இருந்தான். "கதை ஒண்ணாதான்டா இருக்கும். நான் சொல்றேன் வரிசைய" என்றான்.

ஒரு மாதமாகக் கதையே வேறு என்று சத்தியம் செய்தவன் நான். "புதுசப் பாத்த கண்ணோட இத தொடாத" என்றேன். அவனுக்கும் நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் அவன் சாப்பிட்டாக வேண்டும், ஜைனர்கள் வீட்டு வழக்கம். சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. தூக்குவாளியைத் திறந்து அவன் அவசர அவசரமாகச் சாப்பிடப் போய்விட்டான். அவன் மட்டும் அன்று ஒரு வேளை பட்டினி கிடந்திருந்தால் நான் மேனேஜர்.

ஒவ்வொரு ரீலிலும் முதல் இரண்டு முழத்தை மட்டும் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் மணவறை, மாலை, மேளம். கல்யாணம் ஆன பிறகுதானே மனுஷர்களுக்குக் கஷ்டம் வரும்? அதை இரண்டாவதாக வைத்தேன். பெரியவர் ஒருவர் பாடையில் கிடந்தது நான்காவது. மற்றவையெல்லாம் இருட்டு. இருட்டை ஒரு குத்துமதிப்பாக அடுக்கினேன்.

கொட்டாய் நிரம்பிவிட்டது. முதல் ரீல் முடிந்து விளக்குப் போட்டு, அணைத்து, இரண்டாவது ஓடியது. மணவறைக்குப் போலீஸ் வந்தது. வெள்ளைப்புடவையில் தங்கை வந்தாள். "நான் பேயல்ல, சித்தப்பாதான் என்னை மிரட்டி நடிக்க வைத்தார்" என்று அழுதாள். சித்தப்பாவுக்கு விலங்கு. அக்காவுக்குத் தாலி. திரை முழுக்க 'சுபம்'.

படம் ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆபரேட்டரின் கை பழக்கதோஷத்தில், அந்தக் காலத்தில் படம் முடிந்ததும் போடும் தேசிய கீத ரெக்கார்டைப் போட்டுவிட்டது. கொட்டாய் முழுக்க எழுந்து விறைத்து நின்றது. என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் ஒருவரும் அசையவில்லை. பாட்டு நின்றதும் பாதிப்பேர் துண்டை உதறிக்கொண்டு வெளியே நடந்தார்கள். மீதிப்பேர் உட்காருவதா போவதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

முதலாளி ஓடி வந்தார். "இன்னா தம்பி இது?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சேத்துப்பட்டு கண்ணுக்குள் நின்றது. "கனவு முதலாளி. பழைய படத்துல மொதல்ல முடிவக் கனவா காட்டுவாங்க" என்றேன்.

பாவம், அவர் நம்பினார். மைக்கில் அறிவிப்பே செய்தார்: "பெரியோர்களே, தாய்மார்களே, இப்போது தாங்கள் கண்டது கனவு. தயவுசெய்து உட்காரவும்." போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் பயங்கரம். நான்காவது ரீலில் கொள்ளி வைக்கப்பட்ட பெரியவர் ஐந்தாவது ரீலில் நாற்காலியில் அமர்ந்து காபி கேட்டார்.

"இன்னாப்பா, செத்தவரு காபி கேக்குறாரு?" என்றாள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி.

"அது ஆவிம்மா. பழசுல எல்லாருமே ஆவிதான். மணி சொல்லியிருக்கான்" என்று சவரி எழுந்து நின்று விளக்கினான். போலீஸ்காரர் வந்தால் அவரும் ஆவி. கடைசியில் சமையல்காரனைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

வெள்ளைப்புடவை உருவம் கொலுசு குலுங்க வந்தபோது (கொலுசு மட்டும் நான் சொன்னபடியே இருந்தது) சின்னப்பிள்ளைகள் கோரஸாக, "அது தங்கச்சி, அது தங்கச்சி" என்று கத்தின. கொட்டாய் கட்டிய நாளிலிருந்து ஒரு பேய்க்கு இப்படி அவமானம் நேர்ந்திருக்காது.

ஒன்பதாவது ரீலோடு முதலாளி மெஷினை நிறுத்தச் சொன்னார். என்னை ஆபரேட்டர் அறைக்கு இழுத்துப் போனார். அப்பாண்டையும் சவரியும் பின்னால் வந்தார்கள்.

"இந்தப் படத்த நீ பாத்தியா, பாக்கலியா?"

"பாட்டுப் புஸ்தகம் படிச்சேன் முதலாளி."

சவரியின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. முதலாளி ஓடாமல் மிச்சமிருந்த ஐந்து டப்பாக்களைப் பார்த்தார். பிறகு, "மீதிய வெள்ளித்திரையில் காண்கன்னு போட்டிருந்தானே. அத ஏன்டா நீ செய்யல?" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். சேதி எனக்கு முன்பே வந்திருந்தது. மறுநாள் காலையில் நைனா பஞ்சர் ஒட்டும் டப்பாவை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். அடி வாங்கியிருந்தால் இத்தனை வலித்திருக்காது.

நாலு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். நான் தாலி கட்டி நிமிர்ந்தேன். முன்வரிசையில் அப்பாண்டையும் சவரியும் எழுந்து கையை ஒட்டிவைத்து விறைப்பாக நின்றார்கள். உடனே செஞ்சிக்காரர்கள் மொத்தப்பேரும் எழுந்து நின்றார்கள், கொட்டாய் முதலாளி உள்பட. பெண் வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஊர்ச் சம்பிரதாயம் போலிருக்கிறது என்று அவர்களும் எழுந்துவிட்டார்கள். ஐயர்கூடக் குழம்பிப்போய் மந்திரத்தை நிறுத்தினார். (என் பேரனின் காதுகுத்து வரைக்கும் எங்கள் வீட்டில் இது நடக்கிறது. இப்போது நிற்பவர்களில் பாதிப்பேருக்குக் காரணமே தெரியாது.)

"எதுக்கு எல்லாரும் நிக்குறாங்க?" என்று மணப்பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. முதல் பதிலிலேயே பொய் சொல்ல மனம் வரவில்லை. பாட்டுப் புத்தகத்தில் தொடங்கி இரண்டாவது ரீலில் சுபம் வந்தது வரைக்கும் அட்சதை விழ விழ ரகசியக் குரலில் சொல்லி முடித்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ பேய் இனிமேதான் வரும்" என்றாள்.