பீங்கான் கவிராயரும் நானும்

பீங்கான் கவிராயரின் வேலையைப் பறித்தவன் நான்தான். இத்தனை காலமும் 'அப்போது கந்தோரில் ஏதோ குழப்பம் நடந்தது' என்று பட்டும் படாமலும் சொல்லி வந்தேன். இந்த வயதில் அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சோறு தின்னும் பீங்கானை வைத்து நியாயம் கேட்ட மனிதர் இலங்கைத் தீவிலேயே அவர் ஒருவர்தான். அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது அவர் வேலை. நான் அதே கந்தோரில் ஆங்கிலக் கடிதங்கள் தட்டச்சுச் செய்யும் கிளாக்கர். அவருடைய பையில் கவிதைக் கொப்பி ஒன்று, மைப்போத்தல் ஒன்று, விளிம்பு உடைந்த வெள்ளைப் பீங்கான் ஒன்று எப்போதும் இருக்கும். மத்தியானம் அதில் சாப்பிடுவார். மற்ற நேரத்தில் எங்காவது அநியாயம் நடந்தால் அதைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து, சுற்றிவர ஒரு வட்டம் கீறுவார். வட்டத்துக்குள் மனு. வெளியே சூரியக் கதிர்கள் மாதிரிக் கையெழுத்துகள். வெள்ளைக்காரக் கடற்படை இங்கிருந்து போவதற்கு முன் ஒரு கிழட்டு மாலுமியிடம் கற்றுக்கொண்ட வித்தை அது.

"முதல் பேர் ஆருடையதெண்டு தெரிஞ்சால்தானே அவனைப் பிடிப்பாங்கள். வட்டத்துக்கு ஏது ஐசே தலை, ஏது வால்?" என்பார்.

பீங்கானைச் சட்டை நுனியால் துடைப்பதோடு சரி. ஆகவே அவருடைய மனுக்களில் சொதி மணக்கும். அரசாங்க அதிபரின் கச்சேரியில் ஓர் அதிகாரி அவருடைய மனுவைப் பிரித்தாலே பசி வந்து சாப்பிடப் போய்விடுவார் என்றும், அதனால்தான் கவிராயரின் மனுக்களுக்குப் பதில் வரச் சுணங்குகிறது என்றும் ஒரு கதை இருந்தது.

மனுவின் முதல் நாலு வரியும் கட்டாயம் கவிதையாக இருக்கும். அந்தக் கவிதைகளை எங்களால் இருந்து கேட்க ஏலாது. ஒருநாள் கோட்டைப் பக்கம் புல்லில் தாள்களைப் பரப்பி வைத்து வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு மான் வந்து, நின்று, கடைசித் தாளைத் தின்றுவிட்டுப் போனது. நான் கல்லை எடுத்தேன். கவிராயர் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரி வரைக்கும் எழும்பிப் போகாமல் நின்ற முதல் ஆள் அதுதான் என்றார்.

யாரைப் பொலிஸ் பிடித்தாலும், தமிழனோ முஸ்லிமோ சிங்கள மீன்பிடிகாரனோ, கவிராயர் நிலையத்துக்குப் போய் வாங்குப் பலகையில் இருந்துவிடுவார். பிடிபட்டவனைக் கண்ணால் காட்டும்வரை எழும்பமாட்டார். அதுவரை நிலையத்தைப் பற்றி உரத்த குரலில் கவி கட்டுவார். ஒரு சார்ஜன்ட் பொறுக்கமாட்டாமல் அதட்டியபோது, "உங்கட பேர் நீளம் ஐயா. ஒரு பாட்டுக்குள்ள அடங்காது. ரெண்டு பாட்டாய்த்தான் எழுதவேணும்" என்று மரியாதையாகச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஆளும் வந்தான், தேத்தண்ணியும் வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும், எல்லோருக்கும் அண்ணன் முறையான மஜீது காக்காவின் காலில் கப்பலின் அடித்தட்டில் மூட்டை சரிந்தது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவரின் பெயரை, 'வேலைக்குச் சமுகமளிக்கவில்லை' என்று எழுதி வெட்டிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்தவன் நான். மனம் கேட்காமல் கவிராயரிடம் ஓடிப்போய்ச் சொன்னவனும் நான். எழுதும், ஆங்கிலத்தில் நான் அடித்துத் தருகிறேன் என்றேன். சாப்பாட்டு நேரத்தில் கந்தோர் இயந்திரத்திலேயே அடித்தும் கொடுத்தேன். வட்டத்தைச் சுற்றி இருபத்தேழு கையெழுத்துகள் விழுந்தன. என்னுடையது மட்டும் இல்லை. நான் உள்ளேயிருந்து உதவுகிறவன் என்று கவிராயரே சொல்லி என்னைத் தப்பவிட்டார்.

மேலதிகாரி மனுவை மோட்டார் வண்டியின் ஸ்டியரிங் வளையத்தைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தானே மேசையைச் சுற்றி நடந்தார். 'கால் முறிந்தவன் வயிறு துறை காணாத கப்பல்' என்ற வரியை நான் கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் ஆக்கியிருந்தேன். எந்தக் கப்பல், இன்றைக்கு இரண்டுதானே நிற்கின்றன என்று கேட்டார். அடுத்து, இதைத் தொடங்கியவன் யார் என்று கேட்டார்.

தலைமைக் கிளாக்கர் பதவி அந்த மாதம் காலியாக இருந்தது. அதை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தத் தேவையும் இருக்கவில்லை. நான் கவிராயரின் பெயரின்மேல் விரலை வைத்தேன்.

விசாரணையில், ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தது யார் என்று கவிராயரை மூன்று முறை கேட்டார்கள். "துறைமுகந்தானே ஐயா. கப்பலில வந்த இங்கிலீஷாய் இருக்கும்" என்றார். வேலை போயிற்று. இருபத்தேழு பேருக்குப் பயந்து மஜீது காக்காவை மட்டும் திருப்பி எடுத்தார்கள். கவிராயர் அதைத் தன் வீட்டுக் கல்யாணம் மாதிரிக் கொண்டாடிவிட்டு மூதூருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

நான் தலைமைக் கிளாக்கரானதும் என் புதுக் கதிரையைப் பார்க்கக் குடாவைக் கடக்கும் லோஞ்ச் படகில் ஏறி வந்தார். அதில் உட்கார்ந்து பார்த்தார். "நல்ல கதிரை. எங்கட ஆள் ஒருத்தன் இதில இருக்கிறது நல்லது ஐசே" என்றார். அதற்குப் பிறகு பத்து வருஷமும் நான் அதன் நுனியில்தான் இருந்தேன்.

அந்தப் பத்து வருஷமும் அவர் கிழமைதோறும் மனுக்களோடு வந்தார். எழுபதுகளின் கடைசியில் இறங்குதுறையில் அவரைப் பார்த்து நிற்கும் தாய்மாரின் தொகை கூடிவிட்டது. பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளுக்காக அவர் எழுதுவதையெல்லாம் நான் இரகசியமாக ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தேன். அதுவே பரிகாரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒருநாள் ஒரு கவிதையைத் தந்தார். அயலவன் ஒருவன் கைகாட்டியதால் மகனைப் பறிகொடுத்த தாயின் பேச்சு அது. அவளுக்கு மகன்மேல் இருந்த கவலையைவிட, கைகாட்டியவன் இனி எப்படிச் சாப்பிடுவான், எப்படி நித்திரை கொள்வான் என்ற கவலை பெரிதாக இருந்தது. அதை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அந்தத் தாளுக்குப் பதிலாகத் தலைமைக் கந்தோருக்கு ஒரு கடிதம் அடித்தேன். மனுவைத் தூண்டியவன் நான், அடித்தவன் நான், காட்டிக்கொடுத்தவன் நான், அவரைத் திரும்பவும் வேலைக்கு எடுங்கள் என்று எழுதினேன். ஒரு பிரதியை மூதூர் லோஞ்சில் அவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் முதல் லோஞ்சில் வந்து என் வாசலில் நின்றார்.

"கந்தோருக்கு அசல், எனக்குக் கொப்பியோ?" என்று கேட்டார். "என்னட்ட முதல்ல சொல்ல உமக்கு வாய் வரேல்லை என்ன?"

நான் கதவை அகலத் திறந்தேன்; அவர் படி ஏறவில்லை.

"இனி உம்மோட கதைக்கமாட்டன். விசாரணைக்கு வருவன்."

சொன்னபடியே செய்தார். கடிதத்தின் பலனாக என்மேல் விசாரணை வந்தது. மூன்று நாளும் எனக்காக வாதாட அவரே வந்து என் பக்கத்தில் இருந்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதிகாரிகளைப் பார்த்து, "இவர் பயந்தவர் ஐயா. பயந்தவனுக்கும் நியாயம் வேணும். பயப்பிடாதவனுக்கு மட்டும் எண்டால் உங்கட கந்தோரில ஆருடைய வழக்கை விளங்குவியள்?" என்றார். வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். என்னைப் பழைய தட்டச்சு மேசைக்கு இறக்கியதோடு விட்டார்கள். கவிராயருக்கு, வயது கடந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை அவர் மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பின்னும் ஒவ்வொரு கிழமையும் நான் இறங்குதுறைக்குப் போனேன். அவர் இறங்குவார், தாள்களை நீட்டுவார், முன்னால் நடப்பார். நான் பின்னால் போவேன். பொலிஸ் நிலையத்து வாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். என்னிடம் ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் சார்ஜன்ட்டிடம் சொல்வார். "இவர் காலமை ஒண்டும் சாப்பிடேல்லைப் போல. இவருக்கும் ஒரு தேத்தண்ணி சொல்லுங்கோ."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கிழமை அவர் லோஞ்சில் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நான் மூதூருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்னோடு மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். நானோ, என்னோடு ஒரு சொல்லும் கதைக்காமல், கோபம் ஆறாமல், நான் பின்தங்கிவிட்டால் மட்டும் நடையைக் கொஞ்சம் தளர்த்துகிற அந்த மனிதருக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.