கரமேல் தின்ற செத்தல் மிளகாய்

பெருமை பேசாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கு நாவூறு, கண்ணூறு என்ற பயம் கிடையாது. எனக்கு அப்படி இருக்கத் தெரியாது. ஆகவே பயம் நிறைய உண்டு.

என் மகள் தர்சினி குதிரை பழக்குகிறவள். முதலில் அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் வங்கியிலும் மருந்துக்கடையிலும் வேலை செய்ய, என்னுடையது சாணி மணக்க மணக்க கார்ஜ் என்ற புறநகரில் உள்ள எங்கள் மாடிவீட்டுக்கு வந்து லிப்டில் ஏறும். பிறகு ஒருநாள் அவள் பழக்குவதை நேரில் பார்த்தேன். அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் குதிரை ஓட்டுகிற மாதிரியான ஓட்டம். அகன்ற தொப்பி, பெரிய சேணம், ஒற்றைக் கையில் தொய்ந்தபடி கடிவாளம். அதை இழுக்கக் கூடாதாம். அவள் "ஹோ" என்று ஒரு சொல் சொல்லி இடுப்பைத் தளர்த்துவாள். பாய்ந்து வந்த குதிரை பின்னங்கால்களை மடித்து மணலில் சறுக்கி நிற்கும். இன்னொரு சாடைக்கு நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். (இவளுடைய தகப்பனை நான் எத்தனையோ வருடம் பழக்கினேன். மனிசன் ஒரு சொல்லுக்கும் நின்றதில்லை.)

அன்றிலிருந்து எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் நான் கைபேசியில் படம் காட்டாத ஆள் இல்லை. கோயிலில் காட்டினேன், புடவைக்கடையில் காட்டினேன், ரயிலில் பக்கத்தில் இருந்த ஆபிரிக்கப் பெண்ணுக்கும் காட்டினேன்.

அப்போது தர்சினி பழக்கிய குதிரைக்குப் பெயர் கரமேல். அதன் சொந்தக்காரி மடாம் ஒதெத், என் வயதுக்காரி, சிரிக்க மாட்டாள். குதிரையைப் போட்டியில் ஓடவிட்டுப் பார்ப்பேன், சரிவராவிட்டால் வேறொருவரிடம் கொண்டுபோய்க் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். குட்டியாக வந்த குதிரையைக் கண்ணுக்குள் வைத்துப் பழக்கிய என் மகள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

போட்டி நாள் வந்தது. அத்தனை பேருக்குப் படம் காட்டியிருக்கிறேன், யாருடைய நாக்கு எப்படியென்று யாருக்குத் தெரியும்? ஒரு பிடி கல்லுப்பும் காய்ந்த செத்தல் மிளகாயும் எடுத்துக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். நாவூறு கழிய அதைக் குதிரைக்குச் சுற்றி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போடுவதுதான் திட்டம். (வைக்கோலுக்குள் நெருப்பு மூட்ட நான் விசரி இல்லை.)

போட்டித் திடலில், லாயத்து வாசலில் பெரிய பலகை ஒன்றில் ஏதோ எழுதியிருந்தது. தமிழில் எழுதியிருந்தாலே நான் யாரையாவது கூப்பிட்டுத்தான் வாசிப்பிப்பேன். இது பிரெஞ்சு. விட்டுவிட்டேன். தர்சினி உடுப்பு மாற்றப் போன நேரம் பார்த்துக் கரமேலுக்கு முன்னால் நின்று, உப்பும் மிளகாயும் பொத்திய கையைச் சுற்றினேன்.

"ஊர்க் கண், உறவுக் கண், லா ஷப்பல் கண் எல்லாம் போக."

குதிரைக்கு உப்பு என்றால் உயிர் என்பது எனக்குத் தெரியாது. இரண்டாவது சுற்றில் என் கை அதன் மூக்கருகே போனது. ஈரமான பெரிய சொண்டு வந்து என் கைப்பிடியைப் பிரித்தது. நறுக், நறுக் என்று சத்தம். பாதிக் கை காலி.

"மடாம்," என்றது பின்னால் ஒரு குரல். கழுத்தில் அட்டை தொங்க, போட்டிக்கு வந்த மிருக வைத்தியர். கையில் என்ன என்று கேட்டார். எனக்கு நாவூற்றுக்குப் பிரெஞ்சு வரவில்லை. கண்ணைத் தொட்டுக் குதிரையைக் காட்டினேன். அவர் உடனே டோர்ச்சை எடுத்துக் கரமேலின் கண்களைச் சோதிக்கத் தொடங்கினார்.

தர்சினி ஓடி வந்தாள்.

"அம்மா, கையைத் திறவுங்கோ."

"ஒண்டுமில்லை பிள்ளை, உப்பு."

"உப்பு சிவப்பாயோ இருக்கும்?"

"கொஞ்சம் செத்தலும் கிடக்கு. எங்கட ஆக்களின்ர நாக்கு உனக்குத் தெரியாது."

"ஐயோ அம்மா, மிளகாய் டொப்பாஜ்."

"ரசத்துக்குப் போடுறது எப்பிடியடி ஊக்கமருந்தாகும்?"

ஆகுமாம். கால்வலி தெரியாமல் குதிரையை ஓட்டுவதற்குச் சிலர் மிளகாய்ச் சாறு கலந்த களிம்பு பூசுவார்களாம். அதனால் எந்த உருவத்திலும் மிளகாய் கூடாதாம். வாசல் பலகையில் எழுதியிருந்ததும் அதுதானாம். நான் வாதாட வாயெடுக்க, கரமேல் மேற்சொண்டைச் சுருட்டிப் பல்லெல்லாம் காட்டி, உறைப்புத் தாங்காமல் அசிங்கமாக ஒரு சத்தம் போட்டது. சாட்சி சொன்ன மாதிரி. அன்றைக்கு அதற்கு ஓட்டம் இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

மகள் என்னை ஏசவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் குந்தினாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மடாம் ஒதெத் வந்தாள். தர்சினி எழுந்து நின்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அம்மா இப்படி, நாவூறு என்றால் இப்படி, மற்றவர்களுக்குப் பெருமையடித்தால் வருவது என்று. ஒதெத் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள். மகளுக்கு முகம் மாறியது.

"என்னவாம்?"

"காலமை பக்கத்து லாயக்காரனிட்டை, எங்கட குதிரைதான் வெல்லும் எண்டு தானும் பெருமையடிச்சவவாம். அதுவும் ஒரு காரணமாயிருக்குமோ எண்டு கேக்கிறா."

"பின்னை? அதுதான் முழுக் காரணம் எண்டு சொல்லு."

மகள் அப்படியே சொன்னாளோ தெரியாது. ஒதெத் தன் தொப்பியைக் கழற்றி என் முன்னால் தலையைக் குனிந்தாள். கையில் மிஞ்சியிருந்த உப்பையும் மிளகாயையும் அவளுக்குச் சுற்றி எடுத்தேன். அவள் நக்கவில்லை. கரமேலை அடுத்த போட்டிக்கும் தர்சினியே கொண்டுபோகட்டும் என்றாள்.

இப்போது போட்டிக்குப் போகும் நாட்களில் காரில் ஏற முதல் என் கைப்பை திறந்து பார்க்கப்படுகிறது. கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காட்ட வேண்டும். சுற்றுவதென்றால் ஒதெத்துக்கு மட்டும், அதுவும் அவள் வீட்டு வாசலில்.

இந்தக் கதையை லா ஷப்பல் முழுக்கப் பரப்பியது யாரென்று கேட்காதீர்கள். எனக்குத்தான் வாய் நிற்காதே. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள மரக்கறிக் கடைத் தம்பி, நான் செத்தல் மிளகாய் கேட்கும்போதெல்லாம் நிறுக்காமல் நின்று கேட்கிறான்:

"கறிக்கோ அன்ரி, குதிரைக்கோ?"

"கறிக்குத்தான் தம்பி," என்பேன். "குதிரை உறைப்பை விட்டிட்டுது."